மூடி வைத்த கிண்ணம்

"ஆன்ஜு-சான், பதினாறு வருஷமாக நான் பொய் சொல்லிப் பிழைத்திருக்கிறேன்" என்றாள் தோகியே.

ரியோஷுன் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நல்ல பொய்யா?"

"இது என்ன கேள்வி?"

"பதினாறு வருஷம் ஓடியிருக்கிறதே. நல்ல பொய்யாகத்தான் இருக்க வேண்டும்."

நாகிஷிமா தீவில் குன்றடிக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெண் துறவியை 'ஆன்ஜு-சான்' என்றுதான் அழைப்பார்கள். இப்போதைய ஆன்ஜு-சான் ரியோஷுனுக்கு முப்பத்தொரு வயது. அக்கரையிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகிறது.

தோகியேவுக்கு ஐம்பத்து நான்கு. கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்குத் தீவைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. கையில் மஞ்சள் கொடி, கழுத்தில் விசில். திங்கட்கிழமை கப்பல் கிடையாது. அதனால் திங்கட்கிழமைகளில் மட்டும் அவள் சிஷ்யை. கோயில் முற்றத்தைப் பெருக்குவாள், கண்ணை மூடி உட்காருவாள், மகள் வயதுள்ள குருவிடம் திட்டு வாங்க ஆசைப்படுவாள். ரியோஷுன் திட்டுவதில்லை. அதுவே தோகியேவுக்குப் பெரிய குறை.

"விளையாடாதீர்கள். இந்தத் தடவை எனக்கு நேரான பதில் வேண்டும்."

"கேளுங்கள்."

"பிரபு இங்கே சாகவே இல்லையாம்."

ரியோஷுன் கத்தியைக் கீழே வைத்தாள்.

பிரபுவின் கதை தீவில் எல்லோருக்கும் தெரியும். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் தலைநகரத்தில் அரசரின் கோபத்துக்கு ஆளான ஒரு பிரபுவை இந்தத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அவர் ஒரு மரம் நட்டார். ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதார். மன்னிப்பு வராமலே இறந்துபோனார். குன்றின் உச்சியில் அவர் சமாதி இருக்கிறது. அன்று தொடங்கி இன்றுவரை ஒரு நாள் தவறாமல் தீவுக்காரர்கள் அங்கே படையல் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு ஒரு வீட்டின் முறை.

"எட்டே மாதம்தான் இங்கே இருந்தாராம்" என்றாள் தோகியே. "அப்புறம் ஒரு படகில் ஏற்றி வடக்கே வேறொரு தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் காலத்துத் துறைமுக அதிகாரி எழுதியதாக ஒரு கடிதம் கிடைத்ததே, இரண்டு வருஷமாக நான் அதை நம்பவில்லை. போன வாரம் மூன்று பேராசிரியர்கள் வந்து பார்த்தார்கள். உண்மைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்."

"கடிதம் யாருக்குக் கிடைத்தது?"

தோகியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரியோஷுனுக்கு விடை தெரியும். தீவில் பூனைக்குக்கூடத் தெரியும். கடிதத்தைக் கண்டெடுத்தவள் தோகியேயின் ஒரே தங்கை கினுவே. அக்கரையில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறாள்.

"அந்தச் சமாதியில் யாரும் இல்லை. வெறும் கல். வெறும் கல்லுக்கு அறுநூறு வருஷம் படையல் வைத்திருக்கிறோம். அதை நான் ஊர் ஊராக வருகிறவர்களுக்கு, கண்ணில் தண்ணீர் வரும்படி சொல்லியிருக்கிறேன்."

"தண்ணீர் வந்ததா?"

"வந்தது. எனக்கே வந்தது."

தோகியே முள்ளங்கித் தோலைக் கூட்டி ஒதுக்கினாள்.

"புதன்கிழமை என் வீட்டு முறை ஆரம்பம். நான் எடுக்கப்போவதில்லை, ஆன்ஜு-சான். நான் விட்டால் அடுத்த வீடும் விடும். எல்லோருக்கும் முழங்கால் வலி. யார் முதலில் விடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். என்னோடு இது நின்றுபோகும். அதனால்தான் கேட்கிறேன். படைப்பதா, நிறுத்துவதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

ரியோஷுன் மறுபடியும் கத்தியை எடுத்தாள்.

"நாளைக்கு உங்கள் சுற்றுலாவில் ஓர் ஆளுக்கு இடம் இருக்குமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். வந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் தீவைச் சுற்றிப் பார்க்கவில்லை."

*

செவ்வாய்க்கிழமை காலைக் கப்பலில் ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவது ஆளாக, துறவாடைக்கு மேல் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு, மார்பில் சுற்றுலாக்காரர்களுக்கான வட்டச் சீட்டு ஒட்டிக்கொண்டு, ரியோஷுன் வரிசையின் முதலில் நின்றாள்.

முதலில் மரம்.

"எவ்வளவு அழகான பைன் மரம்!" என்றாள் ரியோஷுன். "இதன் சருகெல்லாம் யார் பெருக்குவார்கள்?"

"நீங்கள்தான், ஆன்ஜு-சான். தினமும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்தது பாறை. தோகியே கொடியை உயர்த்தினாள். பதினாறு வருஷமாகத் தொண்டையிலிருந்து தானாக வழுக்கி வந்த வாக்கியம் இன்று பாதியில் மாட்டிக்கொண்டது.

"இது... தலைநகரை நினைத்துப் பிரபு அழுத பாறை... என்று சொல்கிறார்கள்."

"யார் சொல்கிறார்கள்?" என்று கேட்டாள் ரியோஷுன்.

"நான்தான் சொல்கிறேன்."

மறுபடியும் சிரிப்பு. தோகியே சிரிக்கவில்லை.

கடைசியில் குன்று. கோயிலின் பின்புறத்திலிருந்து நூற்று நாற்பத்திரண்டு படிகள். அவர்கள் பாதி ஏறியிருந்தபோது பின்னாலிருந்து மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. டோஃபு கடைக்கார அம்மாள் மிட்சுவே, இரண்டு கையிலும் படையல் தட்டைப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் எல்லோரையும் ஒதுக்கியபடி ஏறி வந்தாள். கேமரா வைத்திருந்த பெரியவர் ஒருவர் வணக்கம் சொன்னார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவரைத் தாண்டிப் போனாள்.

"கோபக்கார அம்மாள் போலிருக்கிறது" என்றார் கேமராக்காரர்.

"அப்படியில்லை ஐயா. படையல் எடுத்துப் போகிறவர் வழியில் நிற்கக் கூடாது, பேசக் கூடாது" என்றாள் தோகியே.

"ஏன்?"

"பிரபுவுக்கு மரியாதை."

உச்சியில், சமாதிக்கு முன்னால் ஒரு தட்டையான கல். மிட்சுவே தட்டை அதன்மேல் வைத்தாள். சமாதியைப் பார்த்தபடி அல்ல. சமாதிக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்தபடி வைத்து, தானும் அப்படியே உட்கார்ந்தாள். சோறு, சிறிய மீன், ஊறுகாய், மூடி போட்ட கிண்ணத்தில் சோயா விழுது கரைத்த மிசோ சூப்.

"ஏன் கடலைப் பார்த்து வைக்கிறார்?"

"அதுவும் மரியாதைதான், ஐயா. நம் முகம் பிரபுவின் முகத்துக்கு நேராக இருக்கக் கூடாது."

"எல்லாவற்றுக்கும் மரியாதைதானா?" என்றாள் ரியோஷுன்.

மிட்சுவே பத்து மூச்சு இழுத்து விட்டாள். பிறகு சூப் கிண்ணத்தின் மூடியை எடுத்து, திருப்பி, உள்பக்கத்தைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

"ஆயிற்று. இனிமேல் பேசலாம். ஐயையோ, என் முழங்கால்!"

"மூடியில் என்ன பார்த்தீர்கள்?" கேமராக்காரர் விடுவதாக இல்லை.

"தண்ணீர்த் துளி. துளி நின்றால் பிரபு ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம்."

"சூடான சூப்பை மூடினால் துளி நிற்காமல் என்ன செய்யும்?"

"அப்படியா? நாளைக்கு நீங்கள் தூக்கிக்கொண்டு வாருங்கள். நூற்று நாற்பத்திரண்டு படி. ஆறாமல் கொண்டுவந்து காட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள்."

கேமராக்காரரின் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "இவர் வீட்டில் தேநீரைக் கூடத்துக்குக் கொண்டுவருவதற்குள் ஆற வைத்துவிடுவார், அம்மா!"

எல்லோரும் சமாதியைப் படம் எடுத்தார்கள். ரியோஷுன் மட்டும் சமாதியைப் பார்க்கவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தட்டு எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே துறைமுகம். அதற்கப்பால் கப்பல் போகிற வழி.

*

சாயங்காலக் கப்பல் புறப்படும்போது தீவில் ஒரு வழக்கம் உண்டு. போகிறவர்கள் மேல்தளத்திலிருந்து வண்ணக் காகித நாடாச் சுருளை வீசுவார்கள். கரையில் நிற்பவர்கள் அதன் நுனியைப் பிடித்துக்கொள்வார்கள். கப்பல் நகர நகர நாடா நீளும். அறுகிறவரை இரண்டு பேரும் விட மாட்டார்கள்.

கேமராக்காரரின் மனைவி வீசிய சிவப்பு நாடாவை ரியோஷுன் எட்டிப் பிடித்தாள். தோகியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இப்போதெல்லாம் அவள் நாடா பிடிப்பதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கப்பலில்தான் கினுவே போனாள். அதற்கு முந்தின நாள்தான் கடிதத்தின் நகலைக் கொண்டுவந்து, "அக்கா, பேப்பரில் வருவதற்கு முன்னால் நீ படிக்க வேண்டும்" என்று நீட்டினாள். தோகியே அதைத் தொடவில்லை. "தீவையே கொன்றுவிட்டு வந்து நிற்கிறாய். இன்றோடு உன்னைத் தலைமுழுகிவிட்டேன். எனக்குத் தங்கை இல்லை, செத்துப்போய்விட்டாள்" என்றாள்.

மறுநாள் அவள் துறைமுகத்துக்குப் போகவில்லை. வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள். கினுவே மேல்தளத்தில் நின்று மஞ்சள் நாடா ஒன்றை வீசினாள். அதைப் பிடிக்க ஆளில்லை. நாடா தண்ணீரில் விழுந்தது. கப்பல் முனை திரும்பும் வரை கினுவே தன் பக்கத்து நுனியை விடாமல் பிடித்திருந்தாள்.

அதற்கப்புறம் நான்கு கடிதங்கள் வந்தன. நான்கும் பிரிக்கப்படாமல் இழுப்பறையில் கிடக்கின்றன. செத்தவர்களின் கடிதத்தை யார் படிப்பார்கள்?

சிவப்பு நாடா அறுந்தது. ரியோஷுன் தன் கையில் மிஞ்சிய துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"முழுக்கப் பார்த்துவிட்டீர்களே. இப்போது சொல்லுங்கள்" என்றாள் தோகியே. "படைப்பதா, நிறுத்துவதா?"

"நாளைக்கு நம் கோயிலைக் கட்டிய குருவின் நினைவு நாள். அவருக்கும் ஒரு தட்டு வைக்க வேண்டும். காலையில் சமையலறைக்கு வந்து ஒத்தாசை செய்வீர்களா?"

"நான் பிரபுவுக்கு எடுக்கப்போவதில்லை என்று சொன்னேனே."

"எடுக்க வேண்டாம். சமைத்துக் கொடுங்கள். நான் எடுத்துப் போகிறேன்."

நேரான பதில் கேட்டால் இந்த ஆன்ஜு-சான் முள்ளங்கியைத்தான் காட்டுவாள் என்று நினைத்தபடி தோகியே வீட்டுக்கு நடந்தாள்.

*

புதன்கிழமை காலை. கோயில் சமையலறையில் இரண்டு தட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன குருவுக்கு. இன்னொன்று பிரபுவுக்கு. தோகியே சோறு வைத்தாள், ஊறுகாய் வைத்தாள், கொதிக்கக் கொதிக்க சூப்பை ஊற்றினாள். பிரபுவின் கிண்ணத்தை மூடினாள்.

ரியோஷுன் இன்னொரு மூடியை எடுத்துக் குருவின் கிண்ணத்தை மூடினாள்.

"ஐயோ, அதை மூடாதீர்கள்!"

"ஏன்? ஆறிவிடாதா?"

"ஆறட்டுமே. செத்தவர்கள் என்ன, சூப்பையா குடிக்கப் போகிறார்கள்? மேலே எழும்பும் ஆவிதானே அவர்களுக்குச் சாப்பாடு. மூடி வைத்தால் குரு எதைச் சாப்பிடுவார்? மூன்று வருஷம் கோயிலில் இருக்கிறீர்கள், இதுகூடவா தெரியாது?"

"தெரியாமல் போயிற்று" என்று பணிவாகச் சொல்லிவிட்டு ரியோஷுன் மூடியை எடுத்தாள். பிறகு அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினாள். "அப்படியானால் இதையும்..."

"அதைத் தொடாதீர்கள்! அது மூடியோடுதான் போக வேண்டும்."

"இவர் ஆவியைச் சாப்பிட மாட்டாரா?"

"அது வேறு, இது வேறு. மூடி வைப்பது உயிரோடு இருக்கிறவர்களுக்கு. வெளியூர் போனவர்களுக்கு. என் அப்பா மீன் பிடிக்கப் போனால் இருபது நாள், முப்பது நாள் ஆகும். அம்மா தினமும் அவருக்கு ஒரு தட்டு வைப்பாள். நிழல் தட்டு என்று பேர். போன இடத்தில் அவர் பசியோடு இருக்கக் கூடாதே, அதற்காக. ஜன்னல் பக்கம், கடலைப் பார்த்து வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திருப்பிப் பார்ப்பாள். துளி நின்றால் அப்பா சுகமாக..."

தோகியே நிறுத்தினாள்.

குருவின் கிண்ணத்திலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பிரபுவின் கிண்ணம் மூடியிருந்தது.

இப்போது தீவில் யாரும் நிழல் தட்டு வைப்பதில்லை. எல்லாப் படகிலும் ரேடியோ வந்துவிட்டது, எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. தோகியே முப்பது வருஷமாக அதை நினைக்கக்கூட இல்லை. ஆனால் இந்தத் தட்டை அவள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! எத்தனை பேருக்குக் கொடியால் சுட்டிக் காட்டியிருக்கிறாள்!

"ஆன்ஜு-சான்."

"சொல்லுங்கள்."

"எட்டு மாதம் இங்கே இருந்திருக்கிறார். அந்த எட்டு மாதமும் அவருக்கு யாரோ ஒருத்தி சமைத்துப் போட்டிருப்பாள்."

"இருக்கலாம்."

"அவரைப் படகில் ஏற்றிக் கொண்டுபோன பிறகு... மறுநாள் காலையில் அவள்..."

"சூப் ஆறுகிறது" என்றாள் ரியோஷுன்.

தோகியே தட்டைத் தூக்கினாள்.

வாசலில் தபால்காரர் காலை வணக்கம் சொன்னார். அவள் நிற்கவில்லை. ஐம்பதாவது படியில் மூச்சு முட்டியது. நிற்கவில்லை. தொண்ணூறாவது படியில் முழங்கால் கெஞ்சியது. சூப் தளும்பாமல், தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள். மேலே போய்க் கடலைப் பார்த்து வைத்தாள். பத்து மூச்சு விட வேண்டும். இரைத்த இரைப்பில் எதை ஒன்று என்று எண்ணுவது என்றே தெரியவில்லை.

கீழே காலைக் கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது.

மூடியைத் திருப்பினாள். உள்பக்கம் முழுக்கத் துளிகள். ஒன்று உருண்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. இன்னும் சூடு இருந்தது.

*

அவள் இறங்கி வந்தபோது ரியோஷுன் பைன் சருகைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். இது என் வீட்டு முறை" என்றாள் தோகியே. பிறகு, "மிச்சம் இருக்கிற சூப்பில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகட்டுமா?"

"நீங்கள் காலையில் சாப்பிட்டுவிட்டுத்தானே வந்தீர்கள்?"

"எனக்கில்லை."

ரியோஷுன் தூக்குப்பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தாள்.

தோகியே வீட்டில் தனியாள். சமையலறை அலமாரியின் மேல்தட்டில் கினுவே வந்தால் சாப்பிடுகிற சிவப்புக் கிண்ணம். பிளம் பூ ஒன்று வரைந்திருக்கும். இரண்டு வருஷமாக அதில் பொத்தான்கள் கிடந்தன. அதன் மூடி தொட்டிப் பக்கத்தில் கவிழாமல் மல்லாந்து கிடந்தது. பாத்திரம் தேய்க்கிற நாரை அதில்தான் போட்டு வைத்திருந்தாள்.

நாரை எடுத்துப் போட்டாள். மூடியைச் சாம்பல் போட்டு, வெந்நீர் விட்டு, இரண்டு முறை கழுவினாள். பொத்தான்களை மேஜைமேல் கொட்டினாள். கிண்ணத்தைத் துடைத்து சூப் ஊற்றி மூடினாள். ஒரு பிடி சோறு, ஊறுகாய், பக்கத்தில் குச்சிகள். துறைமுகம் தெரிகிற ஜன்னலுக்கு முன்னால் தட்டை வைத்து, எதிர்ப்பக்கம் அல்ல, தட்டின் பின்பக்கமாகப் போய், தானும் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

பத்து மூச்சு. நிதானமாக எண்ணினாள்.

மூடியைத் திருப்பினாள்.

ஒரு துளிகூட இல்லை.

சூப் வழியிலேயே ஆறியிருக்கும், கழுவித் துடைத்த நேரத்தில் இன்னும் ஆறியிருக்கும், இதில் வேறொன்றும் இல்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் காய்ந்த மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

எழுந்து போய் சூப்பைப் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அது கொதிக்கட்டும் என்று நின்ற நேரத்தில் இழுப்பறையைத் திறந்தாள். நான்கில் மிகப் பழைய கடிதத்தை எடுத்து, உறையின் ஓரத்தைக் கிழித்தாள். கினுவேயின் கையெழுத்து எப்போதும் போல வலது பக்கம் சாய்ந்திருந்தது.

'அக்கா, என்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும். படியேறும்போது மட்டும் பிரபுவின் சாப்பாடு ஆறிவிடாமல் பார்த்துக்கொள்.'